கால்சட்டைப் பையில் கைத்துப்பாக்கி! உறை இல்லாவிட்டால் ஆபத்து!

உங்கள் கால்சட்டைப் பையில் என்ன இருக்கும்?

கைக்குட்டை இருக்கும். சில்லறை இருக்கும். சாவிக்கொத்து இருக்கும். செல்போன் இருக்கும்.

அமெரிக்காவில் சிலருடைய பையில் இன்னொரு பொருளும் இருக்கிறது. அது கைத்துப்பாக்கி! குண்டு போட்ட கைத்துப்பாக்கி!

அதை வைத்துக்கொண்டே கடைக்குப் போகிறார்கள். ஓட்டலில் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாது. துப்பாக்கியின் உருவமே வெளியே தெரியாதபடி அதை ஓர் உறைக்குள் போட்டு, உறையோடு பைக்குள் வைத்திருக்கிறார்கள்.

இந்த உறை கையகலம்தான் இருக்கும். 20 டாலருக்கும் கிடைக்கும். ஆனால் இது இல்லாமல் துப்பாக்கியைச் சுமந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு பிரபல விளையாட்டு வீரரின் கதையைக் கேளுங்கள்.

வீரர் சிறைக்குப் போனார்!

அவர் பெயர் பிளாக்ஸிகோ பரஸ். அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர். "நியூயார்க் ஜயண்ட்ஸ்" கோஷ்டியைச் சேர்ந்தவர்.

2008-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்த நாட்டின் மிகப் பெரிய இறுதிப் போட்டி நடந்தது. ஆட்டம் முடிய 35 விநாடிதான் பாக்கி. அப்போது பரஸ் பந்தைப் பிடித்தார். வெற்றி கிடைத்தது! நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது.

அதே ஆண்டு நவம்பர் மாதம் 28-ந்தேதி இரவு. பரஸ் நியூயார்க் நகரில் ஒரு கேளிக்கை விடுதிக்குப் போனார். விளையாட்டு வீரர்கள் போடும் தொளதொளப்பான கால்சட்டை அணிந்திருந்தார். இடுப்பில் அந்தக் கால்சட்டைக்குள் ஒரு துப்பாக்கியைச் செருகி இருந்தார்.

துப்பாக்கி நழுவியது. கால் வழியாகக் கீழே இறங்கியது. பரஸ் பதறிப்போய் அதைப் பிடிக்கப் போனார்.

"டுமீல்!"

குண்டு அவருடைய வலது தொடையிலேயே பாய்ந்தது!

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சட்டம் விடவில்லை. அந்தத் துப்பாக்கியை நியூயார்க்கில் வைத்திருக்க அவரிடம் லைசென்சு இல்லை. புளோரிடா மாநிலத்தில் வாங்கி இருந்த லைசென்சும் காலாவதி ஆகி இருந்தது. 2009-ம் ஆண்டில் கோர்ட்டு அவருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2011-ம் ஆண்டு ஜூன் மாதம்தான் அவர் வெளியே வந்தார்.

அவரைச் சுட எந்த எதிரியும் வரவில்லை. அவரே தன் தொடையைச் சுட்டுக்கொண்டார்!

வகுப்பறையில் வெடித்தது!

இன்னொரு சம்பவம், 2014-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2-ந்தேதி நடந்தது.

ஐடஹோ என்பது அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஒரு மாநிலம். லைசென்சு பெற்றவர்கள் கல்லூரிக்குள்ளும் துப்பாக்கி கொண்டுவரலாம் என்று அங்கே ஒரு சட்டம் வந்தது. அது வந்து இரண்டு மாதம்தான் ஆகி இருந்தது.

அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் இருந்தார். எதிரே மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய கால்சட்டைப் பையில் ஒரு சிறிய துப்பாக்கி இருந்தது. அது பைக்குள்ளேயே வெடித்துவிட்டது!

குண்டு பேராசிரியரின் பாதத்தில் பாய்ந்தது. நல்ல வேளையாக மாணவர்கள் யாருக்கும் காயம் இல்லை.

பைக்குள் இருக்கும் துப்பாக்கி எப்படித் தானாக வெடிக்கும்? அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு பாகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் "விசை". ஆங்கிலத்தில் டிரிக்கர் என்பார்கள்.

விசையின் ரகசியம்

விசை என்பது விரலால் இழுக்கும் சிறு கொக்கி. அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். விசையை இழுத்தால் குண்டு பாயும்.

இழுப்பது விரலா, வேறு பொருளா என்பது துப்பாக்கிக்குத் தெரியாது! சாவி மாட்டினாலும் இழுக்கும். பேனா மாட்டினாலும் இழுக்கும். கோட்டில் தொங்கும் கயிற்றின் முடிச்சு மாட்டினாலும் இழுக்கும்.

எவ்வளவு பலம் வேண்டும்? பழைய மாதிரி ரிவால்வரில் விசையை இழுக்க ஏறக்குறைய 5 கிலோ பலம் வேண்டும். இக்காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றுக்கு அதில் பாதி போதும். போலீசார் பலர் வைத்திருக்கும் "கிளாக்" துப்பாக்கிக்குச் சுமார் இரண்டரை கிலோ பலமே போதும். வெடிக்காமல் பூட்டி வைக்கும் தனிப் பொத்தானும் அதில் கிடையாது.

ஆகவே, பைக்குள் துப்பாக்கி வைப்பவர்கள் விசையை மூடி வைக்க வேண்டும். அதை மூடுவதுதான் உறையின் முதல் வேலை.

சினிமா வேறு, நிஜம் வேறு!

துப்பாக்கி உறை என்றதும் நமக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். குதிரையில் வரும் வீரன். இடுப்பில் தோல் பட்டை. அதில் தொங்கும் உறை. கண் மூடித் திறப்பதற்குள் துப்பாக்கியை உருவுவான்!

ஆனால் அந்தக் காலத்திலேயே பையில் துப்பாக்கி வைத்தவர்கள் உண்டு.

அரிஜோனா பிரதேசத்தில் டூம்ஸ்டோன் என்று ஓர் ஊர். அந்த ஊருக்குள் யாரும் ஆயுதம் கொண்டு வரக்கூடாது என்று நகரசபை சட்டம் போட்டிருந்தது. 1881-ம் ஆண்டு அக்டோபர் 26-ந்தேதி சிலர் ஆயுதத்தோடு வந்தார்கள். அதைப் பறிக்க ஏர்ப் சகோதரர்கள் போனார்கள். துப்பாக்கிச் சண்டை மூண்டது. ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்தது. 3 பேர் செத்தார்கள்.

பல சினிமாப் படங்களில் வந்த சண்டை இது. சகோதரர்களில் ஒருவரான வயட் ஏர்ப் அன்று துப்பாக்கியை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? மேல்கோட்டுப் பையில்! பிறகு நடந்த விசாரணையில் அவரே இதைச் சொன்னார்.

அதற்கு முன்பே பையில் அடங்கும் துப்பாக்கி வந்துவிட்டது. பிலடெல்பியா நகரில் ஹென்றி டெரிஞ்சர் என்பவர் செய்த துப்பாக்கி அது. நீளம் சுமார் 6 அங்குலம். ஒரு தடவைதான் சுடலாம். 1865-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி, நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனை ஜான் வில்க்ஸ் பூத் சுட்டது இத்தகைய துப்பாக்கியால்தான். லிங்கன் மறுநாள் காலையில் உயிர் நீத்தார்.

பெயர் வைத்த போலீஸ் அதிகாரிகள்

1950-ம் ஆண்டில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி ஒரு குட்டி ரிவால்வரைச் செய்தது. 5 குண்டு போடலாம். போலீஸ் தலைமை அதிகாரிகளின் மாநாட்டில் அதைக் காட்டினார்கள். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அந்த அதிகாரிகளையே கேட்டார்கள். "சீஃப்ஸ் ஸ்பெஷல்" என்ற பெயர் கிடைத்தது. "தலைவர்களின் தனி ரகம்" என்று அதற்குப் பொருள்.

ஆனால் அதில் ஒரு தொல்லை இருந்தது. துப்பாக்கியின் பின்பக்கம் சிறு சுத்தி ஒன்று நீட்டிக்கொண்டு இருக்கும். பையிலிருந்து எடுக்கும்போது அது துணியில் மாட்டிக்கொள்ளும். இரண்டு ஆண்டு கழித்து, 1952-ல், சுத்தியை உள்ளே மறைத்த ரிவால்வரை அதே கம்பெனி கொண்டுவந்தது.

2008-ம் ஆண்டில் ருகர் கம்பெனி "எல்.சி.பி." என்ற துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குண்டு போடாதபோது எடை சுமார் 270 கிராம்தான்! நீளம் 5 அங்குலத்துக்குச் சற்று அதிகம். செல்போனைவிடக் கொஞ்சம்தான் கனம்.

துப்பாக்கி சிறுத்தது. பையில் வைப்பது சுலபம் ஆயிற்று. அதனால் பை உறைக்கும் கிராக்கி ஏற்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

"இப்படிப் பையில் துப்பாக்கி வைக்க சட்டம் அனுமதிக்கிறதா?" என்று கேட்பீர்கள்.

நம் நாட்டில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அமெரிக்காவில் கதை வேறு. ஆயுதம் வைத்திருப்பதை மக்களின் உரிமை என்று 1791-ம் ஆண்டிலேயே அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வெளியிலும் தற்காப்புக்காகத் துப்பாக்கி கொண்டு போக உரிமை உண்டு என்று 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

மொத்தம் 50 மாநிலங்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில், மறைத்துக் கொண்டு போக லைசென்சே தேவை இல்லை! மற்ற மாநிலங்களில் லைசென்சு வேண்டும். ஒரு மாநிலத்து லைசென்சு இன்னொரு மாநிலத்தில் செல்லாமலும் போகலாம். எல்லை தாண்டினால் சட்டம் மாறிவிடும்.

நல்ல உறையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பை உறை மூன்று விதமான பொருள்களில் கிடைக்கிறது.

ஒன்று தோல். உடம்புக்கு உறுத்தாது. ஆனால் நாளாக ஆக வியர்வையில் ஊறித் துவண்டுவிடும். துவண்ட தோல் மடிந்து விசை வளையத்துக்குள் நுழைந்தால் விபத்துதான்!

இரண்டாவது, நைலான் போன்ற செயற்கைத் துணி. விலை மலிவு. எடை குறைவு. ஆனால் சில உறைகள் மிக மெல்லியவை. வெளியிலிருந்து அழுத்தினால் விசை அசையும்.

மூன்றாவது, கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக். சூடாக்கி, துப்பாக்கியின் உருவத்துக்கு ஏற்ப அழுத்திச் செய்வார்கள். மடியாது. வியர்வையில் ஊறாது. ஆனால் சற்று உறுத்தும்.

எதை வாங்கினாலும் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்:

1. விசையும் அதைச் சுற்றி உள்ள வளையமும் முழுவதும் மூடி இருக்க வேண்டும்.

2. துப்பாக்கி பைக்குள் புரளக் கூடாது. பிடி எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

3. துப்பாக்கியை உருவினால் உறை பையிலேயே தங்க வேண்டும். இதற்காக உறையின் வெளிப்புறத்தைச் சொரசொரப்பாகச் செய்கிறார்கள். சில உறைகளில் பைத் துணியில் மாட்டிக்கொள்ளும் கொக்கி போன்ற விளிம்பும் உண்டு. உறையும் சேர்ந்து வந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியால் பயன் இல்லை.

4. வெளியே பார்த்தால் துப்பாக்கியின் வடிவம் தெரியக் கூடாது. சில உறைகளில் சதுரமான ஒரு தகடு வைத்துத் தைத்திருப்பார்கள். பார்ப்பவர்கள் பணப்பை என்றே நினைப்பார்கள்!

5. அந்தத் துப்பாக்கிக்கு என்றே செய்த உறையாக இருக்க வேண்டும். "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" என்று விற்கும் உறை பல சமயம் எதற்குமே சரியாகப் பொருந்தாது.

உறை நல்லதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. முதலில் துப்பாக்கியில் குண்டு எதுவும் இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்வார்கள். பிறகு காலித் துப்பாக்கியை உறைக்குள் வைத்து, விசை இருக்கும் இடத்தை வெளியிலிருந்து விரலால் அழுத்துவார்கள். விசை அசைந்தால் அந்த உறை உதவாது!

வைப்பதிலும் முறை உண்டு

நல்ல உறை வாங்கினால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

முதல் விதி: துப்பாக்கி இருக்கும் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி கூடாது. சில்லறை கூடாது. பேனா கூடாது. "இந்தப் பை துப்பாக்கிக்கு மட்டும்" என்று ஒதுக்கிவிட வேண்டும்.

இரண்டாவது விதி: துப்பாக்கியை முதலில் உறைக்குள் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் உறையோடு பைக்குள் போட வேண்டும். பைக்குள் இருக்கும் உறைக்குள் துப்பாக்கியைத் திணிக்கவே கூடாது. பைக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. துணியோ விரலோ விசையில் மாட்டிவிடும். துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போதும் உறையை வெளியே எடுத்துத்தான் வைக்க வேண்டும்.

மூன்றாவது விதி: கையைப் பைக்குள் விடும்போது ஆள்காட்டி விரல் விசைப் பக்கம் போகக் கூடாது. அது நீட்டியபடியே இருக்க வேண்டும்.

நாலாவது விதி: கால்சட்டையின் முன் பைதான் ஏற்றது. பின் பையில் வைத்தால் உட்காரும்போது அதன் மேலேயே உட்கார நேரும். முன் பையிலும் ஒரு குறை உண்டு. உட்கார்ந்திருக்கும்போது அதிலிருந்து எடுப்பது கஷ்டம். பையின் வாய் குறுகலாக இருந்தால் துப்பாக்கியைப் பிடித்த கை வெளியே வராது!

ஐந்தாவது விதி: அடிக்கடி துடைக்க வேண்டும். நம் சட்டைப் பையின் மூலையில் பஞ்சும் தூசியும் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே தூசி துப்பாக்கிக்குள்ளும் சேரும். வியர்வையால் துரு ஏறும். சுத்தம் செய்வதற்கு முன்னால் குண்டுகளை எடுத்துவிட வேண்டும்.

கைப்பை இன்னும் ஆபத்து!

பெண்கள் சிலர் துப்பாக்கியைக் கைப்பையில் வைக்கிறார்கள். இதில் ஆபத்து அதிகம். கால்சட்டைப் பை உடம்போடு இருக்கிறது. கைப்பையோ கையைவிட்டு இறங்கிவிடும்.

2014-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி ஐடஹோ மாநிலத்தில் ஒரு பெரிய கடைக்கு ஒரு தாய் வந்தார். அவருடைய 2 வயது மகனும் கூட இருந்தான். துப்பாக்கி வைப்பதற்கு என்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை அவரிடம் இருந்தது.

குழந்தை பைக்குள் கையை விட்டான். துப்பாக்கி வெடித்தது. தாய் அந்த இடத்திலேயே இறந்தார்.

பெற்ற தாயைக் கொன்றோம் என்பது அந்தப் பச்சைக் குழந்தைக்குத் தெரியுமா? விசை என்றால் என்ன என்பதே அதற்குத் தெரியாதே!

மறதியும் ஒரு சத்துரு

பையில் துப்பாக்கி இருப்பதையே மறந்துவிடுகிறவர்களும் உண்டு.

2023-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் பயணிகளிடம் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் நூற்றுக்கு 93 துப்பாக்கிகளில் குண்டு போட்டிருந்தது! "மறந்து கொண்டுவந்துவிட்டேன்" என்று பலர் சொல்வது வழக்கம். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் உண்டு.

2021-ம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 549 பேர், யாரும் எண்ணாமல் நடந்த விபத்தில் இறந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள், அதாவது 26,328 பேர், தற்கொலை செய்துகொண்டவர்கள்!

உறை விபத்தைத் தடுக்கும். தற்கொலையைத் தடுக்காது. அதற்குப் பூட்டு வேண்டும். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். மேஜை மேல் வைக்கக் கூடாது. தலையணைக்கு அடியில் வைக்கக் கூடாது. துப்பாக்கியோடு கால்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போடவே கூடாது!

"வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே குழந்தைகளுக்கு நல்லது. இருந்தே தீரவேண்டும் என்றால் குண்டை எடுத்துவிட்டுப் பூட்டி வையுங்கள். குண்டுகளை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்." இது அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கத்தின் யோசனை.

கேட்கத் தயங்காதீர்கள்!

"இது எல்லாம் நமக்கு எதற்கு?" என்று நினைக்காதீர்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏராளமானவர்கள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். பேரன் பேத்திகள் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். சிநேகிதப் பிள்ளைகளின் வீட்டுக்கு விளையாடப் போகிறார்கள்.

அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கலாம்.

குழந்தையை அனுப்பும் முன்பு அந்த வீட்டாரை ஒரு கேள்வி கேட்கும்படி குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள்: "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?"

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. "உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? கட்டி இருக்கிறதா?" என்று நாம் கேட்பது இல்லையா? அதுபோலத்தான்.

குழந்தைகளுக்கும் ஒரு பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கேயாவது துப்பாக்கியைப் பார்த்தால் தொடாதே! அந்த இடத்தைவிட்டு விலகி வா! பெரியவர்களிடம் சொல்!

அடுத்த முறை மகனோ மகளோ அமெரிக்காவிலிருந்து டெலிபோனில் பேசும்போது, "பேரன் சாப்பிட்டானா? தூங்கினானா?" என்று கேட்டு முடித்ததும் இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.